2026 ஜனவரியிலிருந்து பள்ளி நாள் முழுக்கக் கைப்பேசித் தடை: பெட்டியா, பையா? (சிங்கப்பூர் உயர்நிலைப் பள்ளிகள்)

நாற்பதுபேர்_வகுப்பு (இழையைத் தொடங்கியவர்)

விதி எல்லாருக்கும் தெரிந்ததுதான். 2025 நவம்பர் 30 அன்று கல்வி அமைச்சு அறிவித்தபடி, 2026 ஜனவரியிலிருந்து உயர்நிலைப் பள்ளிகளில் பாடவேளையோடு சேர்த்து ஓய்வுநேரம், இணைப்பாட நடவடிக்கை (விளையாட்டு, மன்றம் போன்றவை), துணைப்பாட வகுப்பு எல்லாவற்றிலும் திறன்பேசியும் திறன்கடிகாரமும் கூடாது. தொடக்கப்பள்ளிகளுக்கு இது 2025 ஜனவரியிலேயே வந்துவிட்டது. பொருளை எங்கே வைப்பது என்பதை மட்டும் பள்ளியிடம் விட்டிருக்கிறார்கள். லாக்கர் மாதிரிப் பள்ளி ஒதுக்கும் இடத்தில் வைக்கலாம், மாணவர் தம் பைக்குள்ளும் வைத்துக்கொள்ளலாம். தேவைப்படும் இடத்தில் பள்ளி விலக்கும் கொடுக்கலாம்.

தடை நல்லதா கெட்டதா என்ற பேச்சை இங்கே கொண்டுவர வேண்டாம். பெட்டியில் எத்தனை அறை, சாவி யாரிடம், காற்பந்துப் பயிற்சிக்குப் போகிறவன் கைப்பேசியை எப்போது எடுப்பான், இந்த மாதிரி விஷயம் தெரிந்தவர்கள் எழுதுங்கள்.

---

மணியடிச்சாச்சு

நான் பெட்டிப் பக்கம். அளவிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் முதல் தவறு கடையிலேயே நடக்கிறது.

பெரிய திறன்பேசி 16 செ.மீ. நீளம், 8 செ.மீ.க்குக் கொஞ்சம் குறைவான அகலம். உறை போட்டால் 17க்கு 9 என்று வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் விரல்வளையம் ஒட்டியிருந்தால் கனம் 2 செ.மீ.யைத் தாண்டும். சுவரில் தொங்கவிடும் துணி அறைகளில் பல, கால்குலேட்டர் அளவுக்குத் தைத்தவை. கைப்பேசி பாதி வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். உறையோடு 40 கைப்பேசி சேர்ந்தால் 9 கிலோ வரும். ஒட்டும் கொக்கி தாங்காது, திருகாணி போட்டுத்தான் மாட்ட வேண்டும்.

அடுத்தது நேரம். ஆசிரியர் மேசையில் ஒவ்வொருவராக வந்து கொடுத்தால், ஆளுக்கு 5 நொடி என்றாலும் 200 நொடி. காலையில் மூன்று நிமிடத்துக்கு மேல், திருப்பிக் கொடுக்க இன்னொரு மூன்று நிமிடம். அதற்குப் பதில் 10 அறை கொண்ட தட்டு நான்கு வாங்குங்கள். நான்கு வரிசையிலும் ஒரே நேரத்தில் தட்டு பின்னாலிருந்து முன்னால் வரட்டும். ஒரு நிமிடத்தில் முடியும். நான்கு தட்டையும் அலமாரியில் வைத்துப் பூட்டினால் வேலை தீர்ந்தது.

மூன்று விஷயத்தில் விட்டுக்கொடுக்கக் கூடாது:

ஆசிரியர் கை கைப்பேசி மேல் படவே கூடாது. வைப்பதும் எடுப்பதும் மாணவர்தான். திரை கீறல் விழுந்தது காலையிலா மாலையிலா என்ற வழக்கு பிறகு வராது.

அறை எண்ணும் வகுப்புப் பதிவு எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். காலியான அறை ஒவ்வொன்றுக்கும் காரணம் இருக்க வேண்டும். வரவில்லை என்றால் வெள்ளை அட்டை, கைப்பேசி கொண்டுவரவில்லை என்றால் மஞ்சள், விலக்கு பெற்றவர் என்றால் பச்சை. அட்டையில்லாமல் காலியாக இருக்கும் அறையைத்தான் ஆசிரியர் பார்க்க வேண்டும். நாற்பதையும் எண்ண வேண்டியதில்லை.

அலமாரிக்குள் சார்ஜரோ பவர் பேங்கோ கூடாது. மூடிய இடத்தில் ஒரு லித்தியம் பேட்டரி சூடேறிப் பற்றினால் அந்த ஒன்றோடு நிற்காது. மேற்கு வெயில் அடிக்கும் சன்னலோரம் அலமாரி வைப்பதும் தப்பு.

---

பைக்கட்சி

மணி சார், கணக்கெல்லாம் சரி. ஆனால் இது தொடக்கப்பள்ளிக்கு ஒத்துவரும் ஏற்பாடு. உயர்நிலையில் ஒரே அறையில் உட்கார்ந்திருக்கும் வகுப்பு எங்கே இருக்கிறது?

2024 இல் உயர்நிலை 1க்குப் பாட அடிப்படையில் நிலை பிரிக்கும் முறை முழுமையாக வந்துவிட்டது. ஒரு படிவ வகுப்பு (காலையில் ஒன்றாகக் கூடும் வகுப்பு) மாணவர்கள் கணிதத்துக்கு ஜி1, ஜி2, ஜி3 என்ற கடின நிலைப்படி மூன்று அறைக்குப் பிரிகிறார்கள். தாய்மொழிக்கு இன்னும் மூன்று நான்கு அறை. தமிழ் என்றால் பல பிள்ளைகளுக்குப் பள்ளியையே தாண்டி வேறு நிலையம். கடைசிப் பாடவேளை முடியும்போது நாற்பது பேரும் ஆறு அறையில் இருப்பார்கள், கைப்பேசி ஏழாவது அறையில் பூட்டியிருக்கும். சாவி வைத்திருக்கும் படிவ ஆசிரியர் அந்த நேரம் வேறு மாடியில் பாடம் நடத்திக்கொண்டிருப்பார். வாசலில் கூட்டம் நிற்கும்.

பை முறையில் இந்தத் தலைவலி எதுவும் கிடையாது. அணை, பைக்கு அடியில் போடு, வெளியே தெரிந்தால் போச்சு. பொறுப்பு முழுக்க மாணவரிடம். தொலைந்தாலும் பள்ளி பதில் சொல்ல வேண்டியதில்லை.

இன்னொன்றும் உண்டு. பெட்டியில் போடுவது எந்தக் கைப்பேசி என்று யாருக்குத் தெரியும்? வீட்டில் கிடக்கும் பழைய சாம்சங்கைப் போட்டுவிட்டு நல்லதைக் கால்சட்டைப் பையில் வைத்துக்கொள்வான். அணைத்து வைத்த கைப்பேசி எல்லாம் பார்வைக்கு ஒன்றுதான்.

---

மணியடிச்சாச்சு

பழைய கைப்பேசித் தந்திரம் உண்மைதான். அதற்காகத்தான் விதியைப் பெட்டியோடு கட்டாமல் கண்ணில் படுவதோடு கட்ட வேண்டும் என்கிறேன். "நான்தான் பெட்டியில் போட்டுவிட்டேனே" என்பது சாக்காக இருக்கக் கூடாது. எந்தக் கருவியானாலும், யாருடையதானாலும், வெளியே தெரிந்தால் தெரிந்ததுதான்.

ஆனால் பை முறையில் நீங்கள் சொல்லாமல் விட்ட ஒன்று இருக்கிறது. "சைலண்ட்டில் போட்டிருக்கிறேன்" என்பான். ஐபோனில் சைலண்ட் போட்டாலும் அலாரம் அடிக்கும். பல ஆண்ட்ராய்டிலும் அப்படியே. எப்போதோ வைத்த 2 மணி அலாரம் தேர்வு நேரத்தில் பைக்குள்ளிருந்து கத்தும். அதனால் முழுக்க அணைக்க வேண்டும், அணைப்பதை ஒருவர் பார்க்க வேண்டும். காலை அணிவகுப்பு முடிந்து வகுப்புக்குள் வந்ததும், எல்லாரும் மேசைமேல் எடுத்து வைத்து, ஒன்றாக அணைத்து, ஒன்றாகப் பைக்குள் போட வேண்டும். முப்பது நொடி வேலை. இதைச் செய்யாத பை முறைக்கும் தடையே இல்லாததற்கும் வித்தியாசம் கிடையாது.

---

உட்லண்ட்ஸ்_அம்மா

எல்லாரும் ஆசிரியர் பக்கமே பேசுறீங்க. மழை பெஞ்சு பயிற்சி ரத்தாச்சுன்னா பிள்ளை எப்படிச் சொல்லும்? நான் சாயங்காலம் 6 மணி வரைக்கும் வாசலைப் பார்த்துக்கிட்டே இருக்கணுமா? கேன்டீன்ல இன்னொரு கூத்து. பாதி பிள்ளைங்க கைப்பேசியில க்யூஆர் தட்டித்தான் காசு கட்டுதுங்க. அதைப் பூட்டிட்டா சாப்பாடு?

---

பாடக்குறிப்பு

அம்மா கேட்டதுதான் சரியான கேள்வி. பெட்டியா பையா என்று அடித்துக்கொள்வதற்கு முன்னால், கைப்பேசி இல்லாமல் ஒரு நாளை முடிக்க முடியாதபடி பள்ளியே எத்தனை இடத்தில் ஏற்பாடு செய்து வைத்திருக்கிறது என்று பார்க்க வேண்டும். தடை வழுக்குவது அங்கேதான். மாணவர் திருட்டுத்தனம் அடுத்தபடி.

ஒரு சாதாரணச் செவ்வாய்க்கிழமையை மணிவாரியாக எழுதிப் பாருங்கள்.

அறை மாற்றம் என்றால் வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் செய்தி. வெண்பலகையில் இருக்கும் வீட்டுப்பாடத்தைப் படம்பிடிக்கச் சொல்வது. பயிற்சித்தாளின் மூலையில் ஒரு க்யூஆர். கேன்டீனில் க்யூஆர். அறிவியல் சோதனையில் நேரம் பார்க்க ஸ்டாப்வாட்ச். இணைப்பாட நடவடிக்கை ரத்தானால் பயிற்சியாளர் குழுவில் போடும் ஒற்றை வரி. இந்த ஆறில் ஒன்றை விட்டுவைத்தாலும் "சார், அதுக்குத்தான் எடுத்தேன்" என்பான். அவன் சொல்வதும் நியாயமாகத்தான் இருக்கும்.

அறை மாற்றத்துக்குப் படிவ வகுப்புக் கதவில் ஒரு தாள், காலை 7.30க்கு முன் ஒட்ட வேண்டும். வீட்டுப்பாடத்துக்குக் கைப்பேசிப் படத்தை விட மாணவர் கைக்குறிப்பேடு நல்லது. முடியாவிட்டால் ஆசிரியரே பலகையைப் படமெடுத்து எஸ்எல்எஸ் என்ற இணையக் கற்றல் தளத்தில் போடட்டும். க்யூஆரை, மாணவரிடம் கற்றல் கருவியாக இருக்கும் ஐபேடின் கேமராவே படிக்கும். குரோம்புக்கிலும் கேமரா செயலிக்குள் வருடும் வசதி இருக்கிறது, திரைப்பக்கக் கேமராவுக்கு முன் தாளைப் பிடிக்க வேண்டும். வெளிச்சம் குறைந்தால் அது தடுமாறும் என்பதால் க்யூஆருக்குக் கீழே குறுஞ்சுட்டியையும் அச்சடியுங்கள். ஆய்வகத்துக்கு இருவருக்கு ஒன்று என்று ஸ்டாப்வாட்ச் வேண்டும்.

கேன்டீன் கொஞ்சம் சிக்கல். பள்ளி அட்டையோ ரொக்கமோ எல்லாக் கடையும் வாங்க வேண்டும் என்று கடைக்காரர்களிடம் முன்கூட்டியே பேச வேண்டும், சில்லறையும் வைத்திருக்கச் சொல்ல வேண்டும். தொடக்கப்பள்ளிகளில் ஸ்மார்ட் பட்டி மாதிரிப் பணம் கட்டும் கைப்பட்டைகள் உண்டே, அதைத் திறன்கடிகாரத்தோடு சேர்த்துப் பறிக்கிற குழப்பம் வேறு. அளவுகோல் எளிது: அதில் அழைப்போ செய்தியோ வருமா? வராது என்றால் விட்டுவிடுங்கள்.

அம்மாவின் முதல் கேள்விக்கு: பயிற்சி ரத்தானதைப் பெற்றோருக்குச் சொல்லும் வேலை பிள்ளையுடையது அல்ல, பள்ளியுடையது. பேரண்ட்ஸ் கேட்வே செயலியில் பொறுப்பாசிரியர் அனுப்பினால் எல்லாப் பெற்றோருக்கும் ஒரே நேரத்தில் போய்விடும். நீங்கள் பிள்ளையிடம் அவசரமாகச் சொல்ல வேண்டியதிருந்தால் பள்ளி அலுவலகத்தைக் கூப்பிடுங்கள். அலுவலகம் அதைத் துண்டுச்சீட்டில் எழுதி ஓய்வுநேரத்துக்கு முன் ஒருமுறை, பள்ளி விடும் முன் ஒருமுறை வகுப்புக்கு அனுப்ப வேண்டும். "தகவல் சேர்ந்தது" என்று பதில் சொல்லவும் ஆள் வேண்டும். அந்தப் பதில் வராத பள்ளியில்தான் பெற்றோர் "சைலண்ட்ல வெச்சுக்கோ, நான் மெசேஜ் பண்றேன்" என்று பிள்ளைக்குச் சொல்லிக்கொடுப்பார்கள்.

---

உட்லண்ட்ஸ்_அம்மா

பதில் வந்தா போதும் சார். நான் ஏன் மெசேஜ் பண்ணப்போறேன்.

---

வலைக்காவலன்

கைப்பேசியைப் பூட்டிவிட்டுக் கற்றல் கருவியைத் திறந்து வைத்தால் என்ன ஆகும் என்று யாரும் எழுதவில்லை. நான் எழுதுகிறேன்.

வாட்ஸ்அப் வெப். முன்பெல்லாம் கைப்பேசி இணையத்தில் இருந்தால்தான் அது ஓடும். இப்போது இணைக்கப்பட்ட கருவி தனியாக ஓடும்; கைப்பேசியை 14 நாள் தொடாமல் விட்டால்தான் வெளியேறும். அதாவது கைப்பேசி அலமாரியில் அணைந்து கிடக்கும்போதே குரோம்புக்கில் அரட்டை நடக்கும். வாட்ஸ்அப், டெலிகிராம், டிஸ்கார்ட், இன்ஸ்டகிராம் நான்கின் இணையப் பக்கங்களையும் பள்ளி நேரத்துக்கு மூடினால் பெரும்பகுதி நின்றுவிடும்.

அடுத்தது ஹாட்ஸ்பாட். பள்ளி வைஃபையில் வடிகட்டி இருந்தால், பைக்குள் இருக்கும் கைப்பேசியை அணைக்காமல் ஹாட்ஸ்பாட் போட்டு அதன் வழியே போவார்கள். பள்ளி கற்றல் கருவிகளைக் கட்டுப்படுத்தும் மேலாண்மைச் செயலி வழியாக ஐபேடைக் குறிப்பிட்ட வைஃபைக்கு மட்டும் கட்டலாம், குரோம்புக்கிலும் முடியும். ஆனால் அப்படியே விட்டால் வீட்டு வைஃபையிலும் ஏறாது, எட்டு மணிக்குப் பெற்றோர் போன் வரும். ஆகவே வைஃபையைக் கட்டுவதை விட, எந்த வலைப்பின்னலில் இருந்தாலும் கருவியிலேயே வடிகட்டுவது மேல். வகுப்பில் ஒரு எளிய சோதனை உண்டு: பாடவேளையில் வைஃபைப் பட்டியலைத் திறந்து பாருங்கள். "அரவிந்தின் ஐபோன்" மாதிரிப் பெயர் தெரிந்தால் ஏதோ ஒரு பை விழித்திருக்கிறது. பெயரை மாற்றி வைப்பவர்களும் உண்டு, அதனால் இதை வைத்து யாரையும் தண்டிக்காதீர்கள். வகுப்பு முழுவதற்கும் "அணையுங்கள்" என்று சொல்ல அது போதும்.

மூன்றாவதை நிறுத்தவே முடியாது: பகிர்ந்த கூகள் ஆவணத்தில் எழுத்தால் அரட்டை. ஆவணத்தை மூடினால் பாடமும் மூடும். ஆசிரியர் தம் திரையில் எல்லார் திரையையும் பார்க்கும் வசதி இருக்கிறது, அதைத் திறந்து வைத்தால் குறையும். இதை விட்டுப் பிடிக்கலாம் என்பதே என் கருத்து. எழுதுகிற அரட்டைக்கு ஆதாரமும் நேரமும் ஆவணத்திலேயே பதிவாகும், பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

ஐபேடில் ஏர்டிராப், ஐமெசேஜ் இரண்டையும் மேலாண்மையில் நிறுத்தலாம். பல இடத்தில் ஏர்டிராப்பை மறந்துவிடுகிறார்கள். ஓய்வுநேரப் படங்கள் அதில்தான் பறக்கும்.

இரவு விஷயம் இந்த இழைக்கு வெளியே என்றாலும் ஒரு வரி: கற்றல் கருவிகள் தூங்கும் (தானாக முடங்கும்) நேரம் 11 மணியிலிருந்து 10.30க்கு வந்துவிட்டது. 10.25க்கு வீட்டுப்பாடம் ஏற்றச் சொல்லும் ஆசிரியர்கள் கவனிக்கவும்.

---

பைக்கட்சி

அமெரிக்காவில் காந்தப் பூட்டு உறை கொடுக்கிறார்களே, கைப்பேசி மாணவரிடமே இருக்கும், திறக்க மட்டும் முடியாது. அதை ஏன் யாரும் பேசவில்லை? பெட்டிக்கும் பைக்கும் நடுவில் அதுதானே.

---

மணியடிச்சாச்சு

யாண்டர் உறை. ஒரு மாணவருக்குச் சுமார் 25 முதல் 30 அமெரிக்க வெள்ளி என்று அங்கே பேசப்படுகிறது. காசை விடுங்கள், வாசல் கணக்கைப் பாருங்கள். 1,200 மாணவர், திறக்கும் காந்தத்தட்டு ஆறு, ஆளுக்கு 4 நொடி. தட்டுக்கு 200 பேர், 800 நொடி, அதாவது பதின்மூன்று நிமிடத்துக்கு மேல் வரிசை. நம் பள்ளி வாசலில் பேருந்து நிறுத்தமும் பெற்றோர் காரும் ஒன்றாக நிற்கும் நேரம் அது.

வலுவான நியோடிமியம் காந்தம் இருந்தால் உறை வீட்டிலேயே திறக்கும். கத்தரிக்கோல் இருந்தால் அதுவும் தேவையில்லை. பழைய கைப்பேசியை உறையில் போடுவதற்கோ எதுவும் தேவையில்லை.

---

சென்சார்_ஆறுமீட்டர்

விலக்கு பற்றி ஒருவரும் விவரமாகச் சொல்லவில்லை. முதல் வகை நீரிழிவு உள்ள பிள்ளை கையில் சர்க்கரை சென்சார் ஒட்டியிருந்தால், அதன் திரை பெரும்பாலும் கைப்பேசிதான். மாடலைப் பொறுத்து புளூடூத் 6 முதல் 10 மீட்டர் வரை எட்டும், நடுவில் சுவர் வந்தால் இன்னும் குறையும். கைப்பேசி வகுப்பறை அலமாரியில், பிள்ளை திடலில் என்றால் சர்க்கரை இறங்கும்போது அலாரம் அடிக்காது. ஓடி விளையாடும் நேரத்தில்தான் இறங்கவும் செய்யும்.

வழி இரண்டு. சில சென்சாருக்குத் தனி ரீடர் கருவி கிடைக்கும். அதில் அரட்டைச் செயலி இல்லை, கையோடு வைத்திருக்கலாம். ஆனால் பெற்றோர் தூரத்திலிருந்து பார்க்கும் வசதி அதில் போய்விடும். இல்லையென்றால் கைப்பேசி பிள்ளையோடுதான் இருக்க வேண்டும், அணைக்கவும் கூடாது, தொலைத்தொடர்பும் ஓட வேண்டும். ஃபோகஸ் வசதியில் சென்சார் செயலிக்கு மட்டும் அனுமதி கொடுத்து மற்ற அறிவிப்பை நிறுத்திவிடலாம்.

அதோடு, இதை ஒவ்வொரு ஆசிரியரிடமும் பிள்ளை விளக்கிக்கொண்டிருக்கக் கூடாது. மருத்துவர் கடிதம் அலுவலகத்தில், ஒருவரிச் சுருக்கம் எல்லாப் பாட ஆசிரியருக்கும், மாற்று ஆசிரியருக்கான கோப்பிலும். பிரச்சினை வருவது எப்போதும் மாற்று ஆசிரியர் வரும் நாளில்தான். காது கேட்கும் கருவியைக் கைப்பேசியில் சரிசெய்யும் பிள்ளைகளுக்கும் இதே ஏற்பாடு.

மணி சார் சொன்ன பச்சை அட்டையில் மட்டும் எனக்கு ஒப்புதல் இல்லை. வகுப்பு முழுக்கப் பார்க்கும்படி ஒரு பிள்ளையின் நோயைத் தொங்கவிடுகிறீர்கள்.

---

மணியடிச்சாச்சு

நியாயம். விலக்கு பெற்றவருக்கும் மஞ்சள் அட்டையே போதும். "இன்று அறையில் கைப்பேசி இல்லை" என்று மட்டும் அது சொல்லட்டும். காரணம் ஆசிரியர் பட்டியலில் இருக்கும்.

---

நாற்பதுபேர்_வகுப்பு

பேசவேண்டாம் என்று நானே சொன்னாலும், பெற்றோர் கூட்டத்தில் "ஆய்வு என்ன சொல்கிறது" என்று கேட்பார்கள். யாராவது சுருக்கமாக?

---

பாடக்குறிப்பு

இரண்டு போதும். இங்கிலாந்தின் நான்கு நகரங்களில் 91 பள்ளிகளை வைத்து பீலண்ட், மர்ஃபி இருவர் செய்த ஆய்வு 2016 இல் வெளிவந்தது. தடைக்குப் பிறகு தேர்வு மதிப்பெண் கொஞ்சம் கூடியது, அதிலும் பின்தங்கிய மாணவரிடம் கூடுதல். முன்னணி மாணவரிடம் மாற்றம் இல்லை. சுவீடனில் அதே கேள்வியைக் கேட்டுப் பார்த்தபோது பலன் தெரியவில்லை.

மற்றது 2025 இல் பர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தினுடையது. 30 பள்ளி, 1,227 மாணவர். தடை உள்ள பள்ளிக்கும் இல்லாத பள்ளிக்கும் மனநலத்தில் வித்தியாசம் இல்லை. பள்ளி நேரத்தில் கைப்பேசிப் பயன்பாடு குறைந்தது, நாள் முழுக்கக் கூட்டிப் பார்த்தால் குறையவில்லை. ஆகவே கூட்டத்தில் "பிள்ளை மகிழ்ச்சியாகிவிடும்" என்று வாக்குக் கொடுக்காதீர்கள். "பாடவேளையில் கவனம் சிதறாது, கேன்டீனில் பக்கத்தில் இருப்பவனோடு பேசுவான்" என்பதோடு நிறுத்துங்கள்.

---

வலைக்காவலன்

பறிமுதல் பற்றியும் எழுதி வையுங்கள், இல்லையென்றால் ஆசிரியருக்கு ஆசிரியர் மாறும். கண்ணில் பட்டால் மாணவரே அணைத்து உறையில் போட வேண்டும். உறைமேல் பெயர், வகுப்பு, நேரம், ஏற்கெனவே கீறல் இருந்தால் அதுவும், இருவர் கையெழுத்து. அலுவலகப் பெட்டகத்துக்கு அன்றே போக வேண்டும், ஆசிரியர் மேசை இழுப்பறையில் இரவு தங்கக் கூடாது. சிம் அட்டையை மாணவர் கேட்டால் எடுத்துக் கொடுத்துவிடுங்கள். வீட்டில் வேறு கைப்பேசியில் போட்டுக்கொள்வார். எந்தக் காரணத்துக்காகவும் ஆசிரியர் திறந்து உள்ளே பார்க்கக் கூடாது. உள்ளே ஏதோ தப்பான படம் இருக்கிறது என்ற புகார் வந்தால் அப்படியே அணைத்து மேலே ஒப்படைப்பதுதான் வேலை.

ஐபோன் 11க்குப் பிந்திய பெரும்பாலான மாடல்கள் அணைத்த பிறகும் ஃபைண்ட் மை (கைப்பேசியைத் தேடும் ஆப்பிள் வசதி) வரைபடத்தில் தெரியும். "பிள்ளை எங்கே இருக்கிறான் என்று தெரியாமல் போகும்" என்று பயப்படும் பெற்றோருக்கு இதைச் சொல்லலாம். ஆனால் இரும்பு அலமாரிக்குள் வைத்தால் அந்தச் சமிக்ஞை பலவீனமாகும், அதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

---

பைக்கட்சி

சரி, முடிவாக என் யோசனை. உயர்நிலை 1, 2க்குத் தட்டும் அலமாரியும். கடைசிப் பாடவேளைக்கு எங்கே போனாலும், அதற்கு முன் ஐந்து நிமிடம் படிவ வகுப்புக்குத் திரும்பி எடுத்துப் பைக்குள் போட்டுக்கொள்ளட்டும், அணைத்தபடியே. இணைப்பாட நடவடிக்கையில் பைகளை மண்டபத்து மேடையோரம் வரிசையாக வைக்கச் சொன்னால் போதும், அங்கே பெட்டி தேவையில்லை. உயர்நிலை 3, 4, 5க்கு நேரடியாகப் பை. அட்டவணை போடுபவர் அந்த ஐந்து நிமிடத்தைக் கொடுப்பாரா என்பதுதான் எனக்குத் தெரிய வேண்டும்.

---

மணியடிச்சாச்சு

அட்டவணை போடுபவர் கொடுக்க மாட்டார். ஓய்வுநேரம் முடிந்து வரும் பாடவேளையைப் படிவ வகுப்பில் வைத்து அப்போதே எடுக்கச் சொன்னால் மதியம் முழுக்கப் பை முறைதான். அதற்குப் பேசாமல் நீங்கள் சொன்னபடி எல்லாருக்கும் பையே வைக்கலாம். இதில் நான் இறங்கி வருகிறேன்: உயர்நிலை 1க்கு மட்டும் முதல் பருவம் பெட்டி, பழக்கம் வந்ததும் பை.

தீயணைப்புப் பயிற்சிக்கு ஒரு குறிப்பு. மணியடித்தால் அலமாரி பூட்டியே இருக்கட்டும். திறக்க யாரும் திரும்பக் கூடாது, திடலில் பெயர் கூப்பிட ஆசிரியரிடம் தாள் பட்டியல் இருக்க வேண்டும்.

---

பாடக்குறிப்பு

தடை வந்த முதல் வாரமே அதிகம் வரும் புகார் ஒன்று விட்டுப்போச்சு: மணி என்ன என்று பிள்ளைகளுக்குத் தெரியவில்லை. கைப்பேசியும் போய்த் திறன்கடிகாரமும் போனால், நின்றுபோன சுவர்க்கடிகாரம்தான் மிச்சம். விடுமுறையிலேயே எல்லா அறைக் கடிகாரத்துக்கும் பேட்டரி மாற்றி, பள்ளி மணியோடு நேரத்தை ஒட்டி வையுங்கள். கேன்டீனிலும் திடலோரமும் பெரிதாக ஒவ்வொன்று. ஏஏ பேட்டரி ஒரு பெட்டி அலுவலகத்தில் இருக்கட்டும்.